எஞ்சின் மூடியில் எண்ணெய் ஏன் கசிகிறது?

இன்று பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் கார் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை இருக்கிறதா? ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் அதிகம் தேட வேண்டியதில்லை. பழைய கார் நிற்கும் பல கட்டங்களில் இப்படி ஒரு கறை இருக்கும். "பழைய காடி, ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. வயதானதால் மட்டும் எஞ்சின் ஒழுகுவதில்லை. ஒழுகுவதற்கு ஓர் இடமும் ஒரு காரணமும் இருக்கும்.

அந்த இடங்களில் மிகவும் பொதுவானது எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடி. வால்வு கவர் என்பார்கள். டாப்பெட் கவர், ராக்கர் கவர் என்றும் பட்டறைகளில் சொல்வதுண்டு. பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். எண்ணெய் ஊற்றும் திருகுமூடியும் பெரும்பாலும் அதன்மேல்தான் இருக்கும். அந்த மூடியைக் கழற்றிப் புதிதாகப் பூட்டும்போது எண்ணெய் கசியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஒரு ரப்பர் வளையம், ஏழெட்டு சிறிய போல்ட்கள், அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்குள் நீங்கள் படிக்கும் பௌதிகமும் வேதியியலும் நிறையவே ஒளிந்திருக்கின்றன.

முதலில் கசிவின் அளவைப் பார்ப்போம். 10 நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 6, ஒரு நாளைக்கு 144 சொட்டு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 7.2 மில்லிலிட்டர், 30 நாளில் 216 மில்லிலிட்டர். பல கார்களில் எண்ணெய் அளவுக் குச்சியின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர்தான் இருக்கும். ஆக, யாரும் குச்சியை உருவிப் பார்க்காவிட்டால் நாலரை மாதத்தில் எண்ணெய் கீழ்க் கோட்டைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகும் கவனிக்காவிட்டால் எஞ்சின் உராய்ந்து கெட்டுப்போகும்.

தரையில் விழும் சொட்டைவிட ஆபத்தானது தரையில் விழாத சொட்டு. மூடியின் ஓரத்தில் கசியும் எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து, புகைபோக்கிக் குழாய் தொடங்கும் இரும்புப் பகுதியில் விழலாம். ஓடும் எஞ்சினில் அதன் வெப்பநிலை பல நூறு டிகிரி செல்சியஸ். முதலில் கருகிய வாடை வரும், பிறகு நீலப் புகை. மோசமான நேரத்தில் தீயும் பிடிக்கலாம். கருகிய எண்ணெய் வாடை காருக்குள் அடித்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ உடனே சொல்லுங்கள்.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. படிவம் ஐந்து முடித்த விடுமுறையில் மாமாவின் பழைய காரில் இந்த மூடியை நானே மாற்றினேன். புது கேஸ்கெட் போட்டேன். கசியவே கூடாது என்று ஒவ்வொரு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் ஏறும்போது பானெட்டின் இடுக்கு வழியாகப் புகை வந்தது. மாமா காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, மூடியைப் பூட்டினியா, நெரிச்சியா?" என்று கேட்டார். மாற்றுவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாக எண்ணெய் வழிந்திருந்தது. இறுக்க இறுக்கக் கசிவு கூடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏன் கூடும் என்று புரிய இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

மூடிக்குக் கீழே என்ன நடக்கிறது?

மூடியைத் திறந்தால் கேம்ஷாப்ட் என்ற தண்டு தெரியும். அதிலுள்ள முட்டை வடிவ மேடுகள் வால்வுகளைத் தட்டித் திறக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது கேம்ஷாப்ட் அதில் பாதி, அதாவது 1500 சுற்று சுற்றும். ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடும். இந்தத் தட்டலில் உலோகம் தேயாமல் இருக்க எண்ணெய் கீழிருந்து மேலே அனுப்பப்படுகிறது. அது எல்லாப் பக்கமும் தெறித்து, மூடியின் உட்புறத்தில் மழைபோல் அடித்து, மறுபடியும் கீழே வடிகிறது. மூடியின் வேலை அந்த மழையை வெளியே விடாமல் தடுப்பதும், வெளித் தூசியை உள்ளே விடாமல் தடுப்பதும்தான்.

மழைபோல் தெறிக்கிற எண்ணெய்க்கு அழுத்தம் அதிகம் இல்லை. பிறகு ஏன் அது வெளியே வருகிறது? இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு வழவழப்பாகச் சீவினாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மிக மெல்லிய வாய்க்கால்களாகிவிடும். துணியின் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்தால் ஈரம் தானே மேலே ஏறுகிறதல்லவா? அதே நுண்புழை விளைவால் எண்ணெயும் அந்த வாய்க்கால்கள் வழியே ஊர்ந்துவிடும். யாரும் தள்ள வேண்டியதில்லை. அதனால்தான் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே மென்மையான ஒன்றை வைக்கிறோம். அது நசுங்கி எல்லாப் பள்ளங்களையும் நிரப்புகிறது. அதுதான் கேஸ்கெட்.

நசுங்கினால் மட்டும் போதாது, அது திருப்பித் தள்ளவும் வேண்டும். களிமண்ணும் நசுங்கும், ஆனால் திருப்பித் தள்ளாது. எஞ்சின் சூடாகும்போது உலோகம் விரிகிறது, குளிரும்போது சுருங்குகிறது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியம், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் சுமார் 0.64 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீள எஃகு 0.34 மில்லிமீட்டர்தான் நீளும். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் தலை அலுமினியம், மூடி எஃகுத் தகடு. ஆக, ஒவ்வொரு முறை கார் ஓடி நிற்கும்போதும் கேஸ்கெட்டின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் 0.3 மில்லிமீட்டர் வரை வெவ்வேறாக நகரப் பார்க்கின்றன. ஈடுகொடுக்கும் பொருளால்தான் இதைத் தாங்க முடியும்.

நம் ரப்பரால் ஏன் முடியாது?

ஈடுகொடுக்கும் பொருள் என்றதும் மலேசியாவில் பிறந்த யாருக்கும் ரப்பர்தான் நினைவுக்கு வரும். உங்கள் தாத்தா பாட்டிகளில் பலர் செபராங் பிறையிலோ கெடாவிலோ பால் மரம் சீவியவர்களாக இருப்பார்கள். அந்த மரத்துப் பாலில் கிடைக்கும் இயற்கை ரப்பர், உங்கள் மலாய்ப் பாடநூலில் 'கெத்தா அஸ்லி', இழுவைக்கும் வளைவுக்கும் ஈடு இணையில்லாதது. லாரி, விமானம் ஆகியவற்றின் டயர்களில் இன்றும் அது இருக்கிறது. ஆனால் எஞ்சின் மூடிக்கு அது உதவாது. எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. இயற்கை ரப்பர் என்பது ஐசோபிரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. அதில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. எஞ்சின் எண்ணெயிலும் பெரும்பாலும் அவைதான். ஒத்தது ஒத்ததில் கரையும் என்று வேதியியல் ஆசிரியர் சொல்லியிருப்பார். எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பர்ச் சங்கிலிகளுக்கு நடுவே தாராளமாக நுழைந்துவிடுகின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்திய ரப்பரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டிருக்கும். சார்ல்ஸ் குட்யியர் 1839இல் கண்டுபிடித்த முறை இது. முடிச்சுகள் இருப்பதால் ரப்பர் முழுதாகக் கரைவதில்லை. அதற்குப் பதிலாக உப்பி, கொழகொழவென்று வலுவிழக்கிறது.

இதற்கு மாற்று 1930களில் ஜெர்மனியில் உருவானது. பியூட்டாடையீனுடன் அக்ரைலோநைட்ரைல் என்ற பொருளைச் சேர்த்துச் செய்த செயற்கை ரப்பர் அது. நைட்ரைல் ரப்பர் என்கிறோம். அதன் சங்கிலியில் ஆங்காங்கே நைட்ரஜன் அணு தொங்கும். அந்த இடங்களில் மின்னூட்டம் சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முனைவுத்தன்மை என்பது இதுதான். முனைவு இல்லாத எண்ணெய்க்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. வெப்பத்தை இன்னும் அதிகமாகத் தாங்க வேண்டிய இடங்களில் அக்ரிலிக் ரப்பர், சிலிக்கோன், புளோரின் கலந்த ரப்பர் ஆகியவை பயன்படுகின்றன. நைட்ரைல் சுமார் 100 முதல் 120 டிகிரி வரை நீடித்துத் தாங்கும். புளோரின் ரப்பர் 200 டிகிரி வரை. விலையும் அதற்கேற்ப ஏறும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கையுறைத் தயாரிப்பில் உலகில் முன்னணியில் இருப்பது நம் நாடு, அதனால் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஓர் இயற்கை ரப்பர்க் கையுறையிலிருந்தும் ஒரு நைட்ரைல் கையுறையிலிருந்தும் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு பட்டை வெட்டுங்கள். கையுறை இல்லாவிட்டால் இயற்கை ரப்பருக்குச் சாதாரண பலூன் போதும். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலில் மூழ்கவைத்து ஓர் இரவு விடுங்கள். அதுவும் கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பதுதான், எஞ்சின் எண்ணெயின் உறவுக்காரன். மறுநாள் துடைத்துவிட்டு அளந்து பாருங்கள். இயற்கை ரப்பர் நீண்டு, அகன்று, தொட்டால் வழுவழுவென்று ஆகியிருக்கும். நைட்ரைல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 10 சென்டிமீட்டர் 11 ஆகியிருந்தால் 10 விழுக்காடுதானே என்று நினைக்காதீர்கள். நீளம், அகலம், கனம் மூன்றும் அதே விகிதத்தில் கூடினால் கன அளவு 1.1 × 1.1 × 1.1 = 1.331 மடங்கு. அதாவது 33 விழுக்காடு எண்ணெய் உள்ளே குடியேறிவிட்டது.

ஒரு ரப்பர் வளையமும் ஏழு உயிர்களும்

திருப்பித் தள்ளும் தன்மையை ரப்பர் இழந்தால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒருமுறை பார்த்தது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆம் வினாடியில் சிதறியது. அதில் இருந்த 7 பேரும் இறந்தனர். பக்கவாட்டு ராக்கெட்டின் துண்டுகளை இணைத்த இடத்தில் இருந்த 'ஓ' வடிவ ரப்பர் வளையங்கள் வாயுவைத் தடுக்கத் தவறின. விசாரணைக் குழுவில் இருந்த பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிப்ரவரி 11 அன்று நடந்த விசாரணையில் அந்த ரப்பரின் ஒரு துண்டைச் சிறு இடுக்கியில் நெரித்து, ஐஸ் தண்ணீர் இருந்த கோப்பைக்குள் போட்டார். சற்று நேரம் கழித்து வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. விண்ணோடம் கிளம்பிய காலையில் வெப்பநிலை சுமார் 2 டிகிரிதான். இணைப்பு லேசாக விலகிய நொடியில் பின்தொடர்ந்து நிரப்ப வேண்டிய ரப்பர், குளிரில் விறைத்துக் கிடந்தது.

பினாங்கில் அந்தக் குளிருக்கு வழியில்லை. நமக்கு எதிரி வெப்பம். ஆண்டுக்கணக்கில் சூட்டில் நசுங்கியே இருக்கும் ரப்பர், நசுங்கிய வடிவத்தையே தன் வடிவமாக ஏற்றுக்கொண்டுவிடும். பழைய கேஸ்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். புதிதில் உருண்டையாக இருந்த விளிம்பு தட்டையாகி, பிளாஸ்டிக் போலக் கெட்டியாகி, வளைத்தால் படக்கென்று உடையும். 1985 ஜூலை 9 அன்று அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவை இன்னும் சிலர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். நமது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட அதே ஆண்டு. அதன் 1.3 லிட்டர் எஞ்சின் மிட்சுபிஷியின் ஓரியன் வகை. அந்த வயதுடைய எந்த நிறுவனத்தின் எஞ்சினானாலும், மூடியின் ரப்பர் பலமுறை மாற்றப்பட்டிருக்க வேண்டும். மூடியைக் கழற்றினால் பழைய ரப்பரை மறுபடியும் போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். பார்க்க நன்றாக இருந்தாலும் அது திருப்பித் தள்ளாது.

முறுக்கு விசைக் கணக்கு

இனி என் பழைய தவறுக்கு வருவோம். பல கார்களில் இந்த மூடியைப் பிடித்திருப்பவை 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்கள். 10 நம்பர் ஸ்பேனர் பொருந்தும். இவற்றுக்குத் தேவையான முறுக்கு பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். சில எஞ்சின்களில் அதைவிடவும் குறைவு. உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்பதை அதன் பட்டறைக் கையேட்டில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

9 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு என்பது விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது. 20 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியைப் பிடித்தால் 9 ÷ 0.2 = 45 நியூட்டன் போதும். நாலரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் பலம், அவ்வளவுதான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும் பதினேழு வயதுப் பையனால் 250 நியூட்டன் கொடுக்க முடியும். அப்போது முறுக்கு 50 நியூட்டன் மீட்டர், தேவையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

அந்த முறுக்கு எவ்வளவு அழுத்திப் பிடிக்கும் விசையாக மாறுகிறது? பொறியாளர்கள் ஒரு தோராயச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். முறுக்கை, போல்ட்டின் விட்டத்தையும் 0.2 என்ற உராய்வு எண்ணையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 9 ÷ (0.2 × 0.006) = 7500 நியூட்டன். சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு போல்ட், ஒரு சிறிய காரின் எடையோடு ஒப்பிடக்கூடிய விசையில் இழுபடுகிறது. மரையில் எண்ணெய் பட்டிருந்தால் உராய்வு எண் குறையும். அது 0.12 ஆனால் அதே 9 நியூட்டன் மீட்டருக்கு விசை 12,500 ஆகிவிடும். ஆகவே போல்ட்டின் மரையும் அது இறங்கும் துளையும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். கையேட்டில் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் மட்டுமே தடவலாம்.

மிகையாக முறுக்கினால் மூன்று கேடுகள் வரும். ஒன்று, அலுமினியத் தலையில் உள்ள மரை உரிந்து போல்ட் சும்மா சுற்றும். இன்னொன்று, ரப்பர் தாங்கும் எல்லைக்கு மேல் நசுங்கி உள்ளுக்குள் கிழியும் அல்லது பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறும். மூன்றாவதுதான் எனக்கு நேர்ந்தது, மூடியே வளைந்துவிட்டது. ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சின் மேல் வளையக்கூடிய பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து, இரண்டு முனைகளையும் விரலால் அழுத்துங்கள். நடுவில் அளவுகோல் வில்போல மேலெழும். போல்ட் இருக்கும் இடங்களில் அதிக அழுத்தம், இரண்டு போல்ட்களுக்கு நடுவில் இடைவெளி. எண்ணெய்க்கு அந்த நடுப்பகுதி போதும்.

அதே சோதனை இன்னொன்றையும் சொல்லித்தரும். முதலில் நடுவை அழுத்திவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி வெளிப்புறமாக அழுத்திப் பாருங்கள். மேலெழும்பும் பகுதி குறையும். மூடியின் போல்ட்களையும் நடுவிலிருந்து தொடங்கி, இடம் வலம் என்று எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது இதற்காகத்தான். முதல் சுற்றில் எல்லாம் விரலால், அடுத்த சுற்றில் பாதி முறுக்கு, கடைசிச் சுற்றில் முழு முறுக்கு. சில எஞ்சின்களுக்குத் தனி வரிசை உண்டு, அதற்கும் கையேடுதான்.

பூட்டுவதற்கு முன்

உண்மையில் ஸ்பேனரைப் பிடிப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் இதைத் தொடவே கூடாது. மூடியைக் கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது எஞ்சினுக்குள் விழும். கழற்றிய பிறகு பழைய கேஸ்கெட் முழுதாக வந்துவிட்டதா என்று பாருங்கள். தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய துண்டைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்துப் பூட்டுவது பட்டறைகளிலேயே நடக்கும் தவறு. ஒட்டியிருப்பதைச் சுரண்டப் பிளாஸ்டிக் சுரண்டி வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் அலுமினியத்தில் விழும் ஒரு கீறல், எண்ணெய்க்கு நீங்களே வெட்டிக் கொடுத்த வாய்க்கால்.

பிறகு மூடியைக் கவிழ்த்து, அதன் விளிம்பின் மேல் எஃகு அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அளவுகோலுக்கும் விளிம்புக்கும் இடையே எங்காவது வெளிச்சம் நன்றாகக் கசிந்தால் மூடி ஏற்கெனவே வளைந்திருக்கிறது. தகட்டு மூடியில் போல்ட் துளைகளைச் சுற்றி உள்வாங்கிய குழிகளும் இருக்கும். முன்னால் யாரோ நெரித்ததன் தடயம் அவை. புதிய மூடியானாலும் இந்தச் சோதனையைச் செய்யத்தான் வேண்டும்.

ரப்பர் கேஸ்கெட் உட்காரும் காடியும், தலையின் பரப்பும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். கேஸ்கெட்டை மூடியின் காடியில் முழுதாகப் பொருத்தி, முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். போல்ட்டின் தலைக்குக் கீழே சிறு ரப்பர் வளையங்கள் இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். பலர் பெரிய கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு, போல்ட் வழியாகக் கசிவதைக் கண்டு தலையைச் சொறிவார்கள். இரண்டு கேம்ஷாப்ட் உள்ள புதிய எஞ்சின்கள் பலவற்றில் ஸ்பார்க் பிளக்குகள் மூடியின் நடுவில் ஆழக் குழிகளில் இருக்கும். அக்குழிகளுக்கும் தனி வளையங்கள் உண்டு. அவை தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது; பிளக் எண்ணெயில் மூழ்கி எஞ்சின் உதறும்.

டியூப்பில் வரும் சிலிக்கோன் பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடி முழுவதும் பட்டையாகப் பிழிந்து பூசினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் கேஸ்கெட் உலர்ந்த பரப்பில் உராய்வால் இடத்தில் நிற்கிறது. பசை காய்வதற்குள் போல்ட்டை இறுக்கினால் அது வழுக்கும் களிம்பாகி, கேஸ்கெட்டையே காடியிலிருந்து நகர்த்திவிடும். உள்பக்கம் பிதுங்கும் மிகுதிப் பசை காய்ந்து, உதிர்ந்து, எண்ணெயோடு கீழே போய் உறிஞ்சு வடிகட்டியை அடைக்கலாம். எண்ணெய் கசியாமல் காப்பாற்றப் போய் எண்ணெய் கிடைக்காமலே எஞ்சினைக் கொன்ற கதையாகிவிடும். தலையில் இரண்டு பாகங்கள் சந்திக்கும் மூலைகளிலும், அரைநிலா வடிவ ரப்பர் அடைப்பு இருக்கும் ஓரங்களிலும் மட்டும் கடுகளவு வைக்கலாம். அங்கே ரப்பரால் கூர்மூலையை நிரப்ப முடிவதில்லை. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் கெட்டியாகிறது என்பதால், நம் ஊர்க் காற்றில் அது சீக்கிரமே தோல் கட்டிவிடும். பிழிந்ததும் மூடியை வைத்துவிட வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து வைக்கலாம் என்று போகக்கூடாது.

எல்லாம் சரி, இன்னும் கசிகிறது

கேஸ்கெட் புதிது, முறுக்கும் சரி, மூடியும் நேர். ஆனாலும் ஒரு வாரத்தில் ஈரம் தெரிகிறது. அப்போது சந்தேகிக்க வேண்டியது மூடியை அல்ல, மூச்சை. ஆம், எஞ்சினும் மூச்சு விட வேண்டும். எரியும் வாயுவில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிந்து, எண்ணெய் இருக்கும் இடத்தில் சேர்கிறது. அதை வெளியேற்ற ஒரு குழாயும் பி.சி.வி. என்ற சிறு வால்வும் உண்டு. அந்த வாயு மறுபடியும் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிக்கப்படுகிறது. காற்று மாசைக் குறைப்பதற்காக 1960களில் கலிபோர்னியாவில் கட்டாயமாக்கப்பட்டு உலகெங்கும் பரவிய ஏற்பாடு இது.

அந்த வால்வு கறுப்புப் பசையால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். வெறும் 5 கிலோபாஸ்கல் ஏறியது என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. மூடி 40 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 0.06 சதுர மீட்டர். விசை 5000 × 0.06 = 300 நியூட்டன். மூடியைத் தூக்க இது போதாது. ஆனால் கேஸ்கெட்டின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்த எண்ணெயைப் பின்னாலிருந்து தள்ள இது தாராளம். எந்தப் புது கேஸ்கெட்டும் இதற்கு நிலையான மருந்தாகாது. பல கார்களில் அந்த வால்வைக் கையால் பிடுங்கிக் குலுக்கிப் பார்க்கலாம். நல்ல நிலையில் இருந்தால் உள்ளே கிலுக்குக் கிலுக்கென்று சத்தம் வரும். கேஸ்கெட்டோடு சேர்த்து இதையும் பார்த்திருந்தால் பல பேருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

கார் இல்லாத வீட்டில் கப்சாய் மோட்டார் சைக்கிள் இருக்கலாம். அதன் எஞ்சின் தலையில் இரண்டு வட்ட மூடிகள் திருகியிருக்கும், டாப்பெட் சரிசெய்யத் திறக்கும் வழிகள் அவை. உள்ளே இருப்பது சேலஞ்சரில் பார்த்த அதே 'ஓ' வளையத்தின் தம்பி. அதற்கும் இங்கே சொன்ன எல்லாமே பொருந்தும். கசிந்த எண்ணெய் பின் டயரில் பட்டால் மழை நாளில் வளைவில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துடைத்த துணியையும் வடித்த எண்ணெயையும் என்ன செய்வது? கால்வாயில் ஊற்றினால் அது சுங்கை பினாங் வழியாகக் கடலுக்குத்தான் போகும். பயன்படுத்திய மசகு எண்ணெய் நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. இன்றிரவு காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் கார் போன பிறகு அட்டையை எடுத்துச் சொட்டுகளை எண்ணுங்கள், இடத்தையும் குறியுங்கள். தண்ணீர்ச் சொட்டாக இருந்தால் பதறாதீர்கள், அது ஏர்கோண்ட் ஈரமாக இருக்கலாம், காய்ந்துபோகும். பழுப்பாகவோ கறுப்பாகவோ காயாமல் நிற்பதுதான் எண்ணெய். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர்மேலேதான் கசிவு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண்ணெய் எஞ்சினின் உடம்பில் வழிந்து, மிகத் தாழ்ந்த முனையில்தான் சொட்டாகும். ஈரத்தைப் பின்தொடர்ந்து மேலே போக வேண்டும். பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு, ஆறிய எஞ்சினில் மூடியின் ஓரத்தைத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவிவிட்டு, காரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளைப் பவுடரில் எந்த இடம் முதலில் கறுக்கிறதோ, கசிவு அங்கேதான் தொடங்குகிறது.